மனிதர்கள் அதிகம், குதிரைகள் குறைவு: சிங்கப்பூர் லாயத்தில் வளர்ந்த ஒரு குட்டியின் நிகழ்வு ஆய்வு

இது ஓர் ஆண் குதிரைக்குட்டியின் முதல் எட்டு மாதங்களைப் பற்றிய பதிவு. சிங்கப்பூரின் வடமேற்கில் உள்ள ஒரு தனியார் சவாரி லாயத்தில் அது பிறந்தது. செவலை நிறம் என்பதால் தமிழ் ஆட்கள் அதைச் செவலை என்றே கூப்பிட்டார்கள். மூன்றாம் மாதத்தில் செவலை ஆட்களைக் கடித்தது, முன்னங்கால்களைத் தூக்கி மனிதர் மேல் ஏறப் பார்த்தது, கயிறு கட்டினால் தரையில் விழுந்து புரண்டது. ‘இதன் சுபாவமே இப்படித்தான், விற்றுவிடலாம்’ என்ற பேச்சு வரை போயிற்று.

சுபாவம் காரணமில்லை என்பது என் முடிவு. குட்டிக்கு மூன்று மாதம் ஆனபோதுதான் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன் நடந்ததை லாயத்தின் பதிவேட்டிலிருந்தும், பிறந்த இரவிலிருந்து குட்டியோடு இருந்த மூத்த குதிரைக்காரர் சொன்னதிலிருந்தும் எழுதுகிறேன். அவர் கிராஞ்சி பந்தயத் திடலில் பல வருஷம் சைஸாக, அதாவது குதிரைகளைப் பராமரிப்பவராக, இருந்தவர். எங்களுக்கு அவர் அண்ணன்.

குட்டி பார்த்த ஆள் கிடைக்காத ஊர்

சிங்கப்பூரில் குதிரை தெரிந்தவர்களுக்கு என்றுமே குறைவில்லை. பந்தய மன்றம் 1842இல் தொடங்கியது. ஃபேரர் பார்க் பக்கம் பந்தயம் ஓடிய காலத்தின் அடையாளமாக லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் ரோடு இன்றும் இருக்கிறது. பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்கும் 1999இல் கிராஞ்சிக்கும் போனது. கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி நடந்தது. இத்தனை காலமும் இங்கே ஓடிய குதிரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் பிறந்து, ஓடும் வயதில் வந்து இறங்கியவை. சவாரி லாயங்களில் நிற்பவையும் அப்படித்தான். அதனால் இருபது முப்பது வருஷம் குதிரையோடு வாழ்ந்தவர்கூடப் பால் குடிக்கும் குட்டியைக் கையால் தொட்டிருக்க மாட்டார். வளர்ந்த குதிரையிடம் பழகிய கை, குட்டியிடம் பல இடங்களில் தவறாகப் போகும். இந்த நிகழ்வை விரிவாக எழுத அதுதான் காரணம்.

செவலையின் தாய் சுமார் 300 கிலோ எடையுள்ள சவாரிக் குட்டைக் குதிரை. ஆஸ்திரேலியாவிலிருந்து வாங்கி வந்தபோது சினையாக இருப்பது யாருக்கும் தெரியவில்லை. வயிறு பெருத்ததைப் புல் வயிறு என்று நினைத்திருக்கிறார்கள். கால்நடை மருத்துவர் ஸ்கேன் பார்த்துச் சினையை உறுதி செய்தார். குதிரைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 340 நாள். எப்போது சேர்ந்தது என்று தெரியாததால் நாள் கணக்கு வைக்க வழியில்லை. மடி இறங்குவதையும், காம்பு நுனியில் மெழுகு போலக் கசிவு காய்ந்து நிற்பதையும் பார்த்துத்தான் காத்திருந்தார்கள்.

பிறந்த இரவு

பெரும்பாலான பெட்டைக் குதிரைகளைப் போல இதுவும் இரவில்தான் ஈன்றது. பதிவேட்டில் அன்றைய பக்கம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்றது, இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடித்தது, மூன்று மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி முழுதாக விழுந்தது. இந்த மூன்றில் எது தள்ளிப்போனாலும் மருத்துவரை உடனே கூப்பிட வேண்டும். விடியட்டும் என்று இருக்கக் கூடாது. தொப்புள் கொடியை யாரும் வெட்டவில்லை. தானாக அறுந்த பிறகு, நீர்த்த குளோர்ஹெக்சிடின் மருந்தில் நனைத்தார்கள்.

சீம்பால் விஷயத்தில் அண்ணன் விடாப்பிடியாக இருந்திருக்கிறார். குதிரைக்குட்டி கருப்பையில் இருக்கும்போது தாயிடமிருந்து நோய் எதிர்ப்புப் பொருளைப் பெறுவதில்லை. சீம்பாலில்தான் எல்லாமே வர வேண்டும். அதை உள்வாங்கும் திறன் குட்டியின் குடலுக்கு முதல் நாளோடு முடிந்துவிடும், அதிலும் முதல் சில மணி நேரம்தான் பொன்னான நேரம். மறுநாள் இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புப் புரதம் டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. போதுமான அளவு அது.

குளிர் நாட்டுக் குறிப்புகள் புதிதாய்ப் பிறந்த குட்டியைப் போர்த்தி வைக்கச் சொல்லும். இங்கே பிரச்சினை ஈரம். மழை பெய்து விட்டதும் மண் ஊறி நிற்கும். மெலியோய்டோசிஸ் நோயை உண்டாக்கும் கிருமி இந்த ஊர் மண்ணிலும் நீரிலும் உண்டு, அது குதிரையையும் தாக்கும். ஆறாத தொப்புளோடு குட்டியைச் சேற்றில் விடுவது ஆபத்து. கொட்டிலில் உலர்ந்த படுக்கை, மேலே மின்விசிறி, ஈ மொய்க்காமல் சாணத்தை உடனுக்குடன் அள்ளுவது, இவ்வளவும் நடந்திருக்கிறது. இந்த விஷயத்தில் அந்த லாயத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உடம்பளவில் செவலை குறையில்லாமல் வளர்ந்தது.

பாசம் எங்கே தடம் மாறியது

ஈன்ற செய்தி பரவியதும் லாயத்துக்குக் கூட்டம் வந்தது. சவாரி கற்கும் பிள்ளைகள், அவர்களின் பெற்றோர், குதிரை உரிமையாளர்கள், பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். இந்த ஊரில் குதிரைக்குட்டியைப் பார்ப்பதே அரிது, வந்தவர்களைத் தப்பு சொல்ல முடியாது. ஆனால் வந்தவர் ஒவ்வொருவரும் குட்டியைக் கட்டிப்பிடித்தார்கள், மூக்கைத் தடவினார்கள், கேரட் துண்டை வாயருகே நீட்டினார்கள். குட்டி சட்டையைக் கவ்வினால் சிரித்தார்கள். முன்னங்காலைத் தூக்கினால் கைப்பேசியை எடுத்தார்கள். பிறந்தவுடன் உடம்பு முழுக்கத் தடவிப் பழக்கினால் பிற்காலத்தில் குதிரை சாதுவாக இருக்கும் என்று கேள்விப்பட்டு, உரிமையாளர் முதல் நாளே அதையும் செய்து பார்த்திருக்கிறார். அந்த முறைக்கு நீடித்த பலன் இல்லை என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பால் தேடி எழ வேண்டிய நேரத்தில் குட்டியைப் பிடித்து அழுத்தி வைப்பது நல்லதும் அல்ல.

அண்ணன் செய்தது வேறு. அவர் குட்டியைத் தொடவே இல்லை. தினமும் தாயின் பக்கத்தில் நின்று பொறுமையாகத் தேய்த்துவிட்டார், குட்டி பார்த்துக்கொண்டிருந்தது. சில நாளில் அதுவே வந்து அவர் முழங்கையை முகர்ந்தது. இதைப் பற்றிப் பிரான்ஸில் ஓர் ஆய்வே நடந்திருக்கிறது. முதல் 5 நாளில் தினமும் 15 நிமிடம் தாயை மென்மையாகத் தேய்த்துவிட்டால், அதன் குட்டி மனிதரை நெருங்கவும் தொடவும் எளிதாக விடுகிறது என்று 2005இல் வெளியிட்டார்கள். அண்ணனுக்கு அந்த ஆய்வு தெரியாது. தாய் யாரை நம்புகிறதோ அவரைக் குட்டியும் நம்பும் என்பது அவருக்குத் தெரியும். தெங்கா விமானத் தளத்திலிருந்து போர் விமானம் இரைச்சலோடு தலைக்கு மேல் போகும்போது, குட்டி முதலில் தாயின் முகத்தைத்தான் பார்க்குமாம். தாய் புல் மேய்வதை நிறுத்தாததைப் பார்த்து அதுவும் அடங்கிவிடுமாம்.

ஒருவர் மட்டும் சரியாகச் செய்து பலனில்லை. நாள் முழுக்க வருகிற மற்றவர்கள் வேறொன்றைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் மாதத்தில் நான் பார்த்தது

அப்போது அளவு நாடாக் கணக்கில் செவலையின் எடை ஏறக்குறைய 90 கிலோ. பிறந்தபோது சுமார் 30. பிறந்த வாரத்தில் மடியில் ஏறியதைச் சிரித்து ரசித்தவர்கள், மூன்று மடங்கு எடையோடு அதே குட்டி அதையே செய்தபோது பயந்தார்கள். குட்டியின் கணக்கில் எதுவுமே மாறவில்லை. எல்லாரும் விரும்பிய விளையாட்டைத்தான் அது தொடர்ந்தது.

நான் சேர்ந்த வாரத்தில், உதவிக்கு வந்த ஒரு கல்லூரி மாணவியை அது பின்னாலிருந்து ஏறித் தள்ளிவிட்டது. முன்கையில் இரத்தம் கட்டியதோடு போயிற்று. தலையில் குளம்பு பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே பிடிக்கவில்லை. அந்தப் பெண்மேல் எந்தத் தவறும் இல்லை. குட்டியை விற்கும் பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது.

தீர்வு சொல்லும் முன் ஒவ்வொரு செயலும் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தோம். கடிப்பது கையால் ஊட்டியதில் வந்தது. ஆண்குட்டிகள் இயல்பாகவே வாயால் விளையாடும், வாயும் கையும் சந்திக்கும் இடத்தில் எப்போதும் தின்பண்டம் இருந்தால் கையைத் தேடிக் கவ்வப் பழகும். பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு ஆளை நோக்கிப் பின்வாங்குவது இன்னொரு பழக்கம். பார்ப்பவர்கள் உதைக்க வருகிறது என்று பதறினார்கள். உண்மையில் வால் மேட்டைச் சொறிந்துவிட்டுப் பழக்கியிருந்தார்கள், அதைக் கேட்டுத்தான் அது அப்படி வந்தது. ஆனால் சொறியாமல் விட்டால் அடுத்தது உதையாகத்தான் இருக்கும். கயிறு கட்டினால் விழுந்து புரண்டதற்குக் காரணம், வளர்ந்த குதிரையை இழுப்பது போலக் குட்டியின் தலையை முன்னோக்கி இழுத்தது. குட்டியின் கழுத்தெலும்பு அதைத் தாங்காது. தலையில் இழுவிசை பட்டால் எதிர்ப்பக்கம் பாய்வது குதிரையின் இயல்பு, குட்டி மல்லாந்து விழுந்து மண்டையில் அடிபட்டுச் செத்துப்போவதும் உண்டு.

இவையெல்லாம் சரிதான். ஆனால் மனிதர் மேல் ஏறும் பழக்கத்துக்கு மட்டும் இந்த விளக்கங்கள் போதவில்லை. அதற்கான பதிலை அண்ணன்தான் சொன்னார்.

“தம்பி, இதுக்கு மனுஷங்க போதும் போதும்னு இருக்காங்க. குதிரைதான் பத்தலை.”

அவர் சொன்னதை யோசிக்க யோசிக்க எல்லாம் விளங்கியது. ஆண்குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கழுத்தைக் கடித்து, துரத்தி விளையாடும். அது அவற்றின் வளர்ச்சியில் ஒரு பாகம். செவலைக்கு அப்படி ஒரு தோழன் இந்தத் தீவில் கிடைக்க வழியில்லை. தாயோ தன் குட்டியிடம் பெரிதும் விட்டுக்கொடுத்தது. தாயும் குட்டியும் மட்டும் தனித் திடலில், மற்றக் குதிரைகளை எட்டிப் பார்க்க மட்டும் முடிகிற தூரத்தில். பாதுகாப்புக்காகத்தான் அப்படி வைத்தார்கள், முதல் வாரங்களில் அது சரியும்கூட. அதை மூன்று மாதம் நீட்டியபோது, மனிதர்களையே தன் வயதுக் குட்டிகளாக எடுத்துக்கொண்டு அது விளையாடியது.

மாற்றியவை

முதலில் மனிதர்களைத் திருத்தினோம், அது குட்டியைத் திருத்துவதைவிடக் கடினமாக இருந்தது. கையால் எதுவும் ஊட்டக் கூடாது, தீனியெல்லாம் வாளியில். முகத்தை யாரும் தட்டக் கூடாது. சொறிய வேண்டுமானால் பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் மட்டும். குதிரைகள் ஒன்றையொன்று அங்கேதான் கொறித்துவிடும், அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவது அளந்து பார்க்கப்பட்ட விஷயம். குட்டி நேராக நின்றால் மட்டும் சொறிவது, உடம்பால் தள்ளினால் உடனே கை எடுப்பது. எங்கள் லாயத்தில் தமிழ், மலாய், வங்காளம், பர்மிய மொழி பேசுகிறவர்கள் இருந்தார்கள். ஆளுக்கொரு விதமாக அதட்டுவதை நிறுத்தி, எல்லாரும் ஒரே கைச்சைகையைப் பயன்படுத்தினோம். பார்வையாளர்கள் வேலிக்கு வெளியே. சில பெற்றோர்கள் வருத்தப்பட்டார்கள், ஒருவர் கோபமாகவே பேசினார். அண்ணன் அவரிடம், “ஐயா, இப்ப நீங்க ஒரு கேரட் கொடுத்தீங்கன்னா, நாளைக்கு இது யாரோ ஒரு பிள்ளையோட விரலைக் கவ்வும்” என்றார். அதற்குப் பிறகு அந்த அப்பாவே மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

அடுத்து, கிராஞ்சியில் ஓடி ஓய்வுபெற்று எங்கள் லாயத்துக்கு வந்திருந்த காயடித்த ஆண் குதிரை ஒன்று. வயதானது, எதற்கும் பதறாதது, மற்றக் குதிரைகளோடு சண்டைக்குப் போகாதது. இந்தத் தேர்வில் அவசரப்படக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். எல்லா ஆண் குதிரையும் குட்டியைப் பொறுத்துக்கொள்ளாது, சில குதிரைகள் துரத்திக் கொன்றுவிடும். மருத்துவரிடம் கேட்டோம். பெரிய குதிரையின் பின்னங்கால் லாடங்களைக் கழற்றச் செய்தோம். முதலில் இரட்டை வேலிக்கு இரு புறமும் விட்டுப் பல நாள் பழக்கினோம். அப்புறம்தான் மூலையில் மாட்டிக்கொள்ள முடியாத பெரிய திடலில் தாயையும் குட்டியையும் அதனோடு சேர்த்து விட்டோம். ஆட்கள் பக்கத்திலேயே நின்றார்கள்.

கிழக் குதிரையைக் கண்டதும் செவலை கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடியது. குட்டிகள் பெரிய குதிரைகளிடம் காட்டும் பணிவு அது. இத்தனை நாளும் அதைச் செய்து காட்ட அதற்கு ஒரு பெரிய குதிரை இல்லை. கொஞ்ச நேரத்தில் பயம் தெளிந்து கிழவனின் விலாவைக் கவ்வியது. கிழவன் காதைப் பின்னால் மடக்கியது. குட்டி விடவில்லை. கிழவன் தலையைத் திருப்பி ஒரு முறை விரட்டியது, செவலை தாயிடம் ஓடிப் பால் குடித்துவிட்டுத் திரும்பி வந்தது. இந்த முறை மெதுவாக வந்து, கிழவன் காதை மடக்கியதுமே நின்றது. கூட்டுக் குடும்பத்துப் பெரியப்பா கையோங்காமலே பிள்ளைகளை அடக்குவது போல இருந்தது. நாங்கள் வாரக்கணக்கில் சொல்லிக் கொடுக்க நினைத்ததை அது பார்வையிலேயே சொல்லிக் கொடுத்தது. மனிதரிடம் கடிப்பது அடுத்த சில வாரங்களில் மளமளவெனக் குறைந்தது. மேல் ஏறுவது நின்றே போனது, ஏறுவதற்கு அதற்குக் கிழவன் கிடைத்துவிட்டது. கிழவன் அதை எந்த அளவு விட்டுக்கொடுத்தது, எந்த இடத்தில் நிறுத்தியது என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

கயிற்றுப் பழக்கத்தைப் புதிதாகத் தொடங்கினோம். தலைப்பட்டையில் இழுக்காமல், பிட்டத்தைச் சுற்றி ஒரு மென்கயிறு போட்டு, நடக்க வேண்டியபோது அதைக் கொண்டு பின்னாலிருந்து லேசாக உந்துவது. ஓர் அடி எடுத்து வைத்தாலும் உடனே தளர்த்திவிடுவது. தாய் முன்னால் நடக்க, குட்டி பின்னால், குளிப்பாட்டும் இடம் வரைக்கும் போய்த் திரும்புவது. எப்போதும் இரண்டு பேர். வெயில் ஏறுவதற்கு முன், பால் குடித்து ஓடி விளையாடி முடித்த பிறகு, சில நிமிடங்கள் மட்டும். சிங்கப்பூரில் காலை 7 மணிக்குத்தான் விடிகிறது. 9 மணிக்கெல்லாம் புழுக்கம் குட்டியைச் சோர்வாக்கிவிடும், சோர்ந்த குட்டி எதையும் கற்காது. தலைப்பட்டையைத் திடலில் விடும்போது கழற்றிவிடுவோம். வேலியில் மாட்டினால் அறுந்துபோகும்படி தோல் பட்டையே வைத்தோம், நைலான் வேண்டாம்.

குளம்பைத் தூக்கிப் பழக்குவதும் இதோடு நடந்தது. தூக்கி, குட்டி இழுக்கும் முன்பே கீழே வைத்துவிடுவது. ஈர மண்ணில் நிற்கும் குளம்பு மென்மையாகும், லாடக்காரர் ஒழுங்காக வந்து பார்க்க வேண்டும். காலெலும்பு வளைவுகளைச் சரிசெய்ய முதல் மாதங்கள்தான் முக்கியம், குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் பந்து மூட்டுப் பக்கத்து வளர்ச்சியில் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்திலேயே முடிந்துவிடும். செவலைக்குக் கால்கள் நேராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

பால் மறக்கச் செய்தது

நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பால் மறக்கச் செய்வது வழக்கம். பல இடங்களில் குட்டியைத் தனிக் கொட்டிலில் பூட்டி, தாயைக் கண்ணில் படாத இடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். நாள்கணக்கில் கத்திக் கத்தி, வியர்த்து, சுவரில் மோதிக்கொள்ளும் குட்டிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். அந்த வழியை நான் முழுமனதாக எதிர்க்கிறேன். குதிரைக்குத் தனிமை தாங்காத துன்பம், அதைத் தாயைப் பிரியும் நாளிலேயே கொடுப்பது கொடுமை.

செவலைக்கு ஆறாம் மாதத்தில் தொடங்கினோம். அதற்குள் அது தாய் எட்ட முடியாத தடுப்புக்குள் தன் தீனியைத் தனியே தின்னப் பழகியிருந்தது. கிழக் குதிரையோடு செவலையை விட்டு, தாயைப் பக்கத்துத் திடலுக்கு மாற்றினோம். இடையில் வேலி. முகர்ந்துகொள்ளலாம், பால் குடிக்க முடியாது. முதலில் சில மணி நேரம், அப்புறம் பகல் முழுதும், அப்புறம் இரவும். முதல் நாள் மாலை இடி மின்னலோடு மழை வந்ததால் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது, அன்று கொஞ்சம் கத்தியது. அதைத் தவிரப் பெரிய ஆர்ப்பாட்டம் இல்லை. தாய்க்கு மடி கட்டிக்கொண்டது, தீனியைக் குறைத்ததும் சில நாளில் வடிந்துவிட்டது.

எட்டாம் மாத நிலை

செவலை இப்போது ஒருவர் பிடித்து நடத்தினால் நடக்கிறது, நான்கு கால்களையும் தூக்கத் தருகிறது, ஊசி போட நிற்கிறது. கடிப்பது கிட்டத்தட்ட இல்லை. புது ஆளைக் கண்டால் தோளால் தள்ளிப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை, பிள்ளைகள் அருகில் இருந்தால் அது கூடுகிறது. பழைய நினைவு என்று நினைக்கிறேன். எனவே பிள்ளைகள் இன்னும் வேலிக்கு வெளியேதான். சம வயதுத் தோழன் இல்லாத குறையைக் கிழவனால் முழுதும் நிரப்ப முடியவில்லை. கிழவனுக்கு அலுத்துப்போய்த் தனியே நிற்கும் நேரங்களில் செவலை வேலியோரம் ஓடிக் களைக்கிறது. உரிமையாளர் விற்கும் எண்ணத்தை விட்டுவிட்டார்.

இனி வரப்போகும் வேலை காயடிப்பு. விதைகள் இரண்டும் இறங்கியிருப்பதை மருத்துவர் பார்த்துவிட்டார். காயத்தில் ஈயும் சேறும் படும் என்பதால் மழை குறைந்த வாரமாகப் பார்த்துச் செய்யலாம் என்றிருக்கிறார். அதன்பின் காயம் வீங்காமல் இருக்கத் தினமும் நடத்த வேண்டும், அந்த நடையில் கிழக் குதிரை முன்னால் போகும். சவாரி என்ற பேச்சு மூன்று வயதுக்கு முன் வரக் கூடாது என்று உரிமையாளரிடம் எழுதி வாங்கியிருக்கிறோம்.